பூசையில் ஒரு குக்கர் விளம்பரம்

டெலிவிஷனுக்கு ஒரு பாதுகாவலர் உண்டு, தெரியுமோ? கேபிள்காரரைச் சொல்லவில்லை. புனித கிளாரா. இத்தாலியில் அசிசி நகரத்துக்காரர். 1252-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் ராத்திரி உடம்பு முடியாமல் மடத்தில் படுத்துக் கிடந்தார். மற்ற சகோதரிகள் பூசைக்குப் போய்விட்டார்கள். தனியாகக் கிடந்தவருக்குக் கோயிலில் நடந்த பூசை அறைச் சுவரிலேயே தெரிந்தது, பாட்டும் கேட்டது என்று பாரம்பரியமாகச் சொல்வார்கள். அடுத்த வருஷம் இறந்துபோனார். எழுநூறு வருஷம் கழித்து, 1958-ல், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை டெலிவிஷனின் பாதுகாவலராக அறிவித்தார். முதல் நேரடி ஒளிபரப்பைப் பார்த்த நேயர் என்கிற தகுதி போதாதா?

எங்கள் வீட்டிலும் ஒரு கிளாரா இருக்கிறாள். என் அம்மா. வயது எழுபத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரைக்கும் வருவாள். அதைத் தாண்டினால் வாசற்படி. அந்த மூன்று படிதான் இன்றைக்கு அம்மாவுக்கும் கோயிலுக்கும் நடுவே இருக்கிற தூரம்.

அதுவரைக்கும் விடியற்காலைப் பூசைக்கு மிஷன் வீதி சம்பா கோயிலுக்கு நடந்தே போனவள். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். சம்பா அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செயின்ட் பால் என்ற பெயர் நம் வாயில் தேய்ந்து சம்பா ஆகிவிட்டது என்பார்கள். முறையான பெயர் அமலோற்பவ அன்னை பேராலயம். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பழைய கோயில் போயிற்று. இப்போது நிற்கிற கட்டடம் 1791-ல் எழும்பியது.

கோயிலுக்குப் போக முடியாத அம்மாவுக்கு என் மகன் டேப்லெட்டில் நேரலைப் பூசை போட்டுக் கொடுத்தான். 2020-ல் ஊரடங்கின்போது எல்லா வீட்டிலும் பழகிய சங்கதிதான். அந்த வருஷம் மார்ச் 27-ந் தேதி மாலை, ஆளே இல்லாத ரோமாபுரிச் சதுக்கத்தில், மழையில், பாப்பரசர் பிரான்சிஸ் தனியாக நடந்து போனதை உலகமே திரையில் பார்த்தது. அப்போது அது அவசரத்துக்கு. அம்மாவுக்கு இப்போது அதுதான் அன்றாடம்.

திரைதானே என்று அம்மா சலுகை எடுத்துக்கொள்வதில்லை. குளித்து, புடவை மாற்றி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் டேப்லெட் முன்னால் உட்காருவாள். அந்த நேரம் யாரும் காபி டம்ளரோடு ஹாலில் திரியக் கூடாது. ஒருநாள் வாசலில் கூரியர்காரர் கூப்பிட, என் மகன் போகிற போக்கில் திரையைத் தொட்டு நிறுத்திவிட்டான்.

"பூசைய எதுக்குடா நிறுத்துன?"

"வந்து திரும்ப ஓட்டிக்கலாம் ஆயா."

"சாமியார் கைய தூக்கின மேனிக்கு நிக்கிறார் பாரு. பாவம், மொதல்ல வுடு அவர."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுந்தேற்றம். மணி அடிக்கிறது. அம்மா கண்ணை மூடிக் கையைக் குவித்திருக்கிறாள். திடீரென்று ஒரு பெண்மணி திரையில் தோன்றி, மூன்று விசிலில் பிரியாணி ஆகிவிடும் என்று சத்தியம் செய்கிறார். பிரஷர் குக்கர் விளம்பரம். அவர் போய்ச் சேர்வதற்குள் எழுந்தேற்றம் முடிந்திருந்தது.

மாசம் இவ்வளவு என்று பணம் கட்டினால் விளம்பரம் வராது என்றான் மகன். அம்மா அசரவில்லை.

"கட்டு. பூசைக்குக் காசு குடுக்கிறது நமக்குப் புதுசா என்ன?"

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று மனசு கோடு போட்டுவிடும். அதற்கும் சபைக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் லூக்கா பச்சோலி. பிரான்சிஸ்கன் சபைத் துறவி. புத்தகம் 1494-ல் வெனிஸ் நகரில் வெளியானது. ஆகவே அந்தச் சாமியார் சொன்ன முறையிலேயே இந்த டேப்லெட்டுக்கும் ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாம்.

வரவுப் பக்கம் நிறையவே இருக்கிறது. கிறிஸ்தவத்துக்கும் புது இயந்திரத்துக்கும் நம் ஊரில் பழைய சிநேகம். இந்திய மொழிகளிலேயே முதன்முதலாக இந்திய மண்ணில் அச்சேறியது தமிழ். 1578-ல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்க ஞானோபதேசப் புத்தகம். கொண்டுவந்தவர் அண்டிரிக் அடிகளார். புதுச்சேரியில் மிஷன் அச்சுக்கூடம் 1855-ல் வெளியிட்ட தமிழ் - பிரெஞ்சு அகராதியை உருவாக்கிய முசே, துய்புய் இரண்டு பேருமே குருமார்கள்.

இதில் எனக்குப் பிடித்த கதை வேறொன்று. 1761-ல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் இங்கிருந்து ஓர் அச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சென்னையில் அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. கடைசியில் அது வேப்பேரிக்கு, பப்ரிசியஸ் என்ற லுத்தரன் மிஷனரியிடம் போய்ச் சேர்ந்தது. கம்பெனி வேலை வந்தால் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், மற்ற நேரத்தில் அவர் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கத்தோலிக்கப் பிரெஞ்சுக்காரர்களின் மெஷின், ஆங்கிலேயர் கைக்குப் போய், ஜெர்மன் சீர்திருத்தச் சபைக்காரருக்கு உழைத்தது. மெஷினுக்கு ஏது மதம்? யார் மை தடவுகிறார்களோ அவர்களுக்கு வேலை செய்கிறது. அம்மாவின் டேப்லெட்டும் அப்படித்தான். காலையில் பூசை, பத்து மணிக்குமேல் என் மனைவிக்குச் சமையல் குறிப்பு, சாயந்தரம் என் மகனுக்குக் கிரிக்கெட்.

மகனைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. 2025 செப்டம்பர் 7-ந் தேதி ரோமில் கார்லோ அக்குதிஸ் என்ற பையனுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 2006-ல் பதினைந்து வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியப் பிள்ளை. நற்கருணை அற்புதங்களையெல்லாம் தொகுத்து இணையதளம் அமைத்தவன். செய்தியைப் பார்த்த என் மகன் உடனே மனு போட்டான்.

"நல்ல லேப்டாப்பா வாங்கிக் குடுத்தா நானும் புனிதனாயிடுவேன்ல?"

"அந்தப் புள்ள வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் வீடியோ கேம் ஆடுவானாம்" என்றாள் அம்மா. எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறாள். மனு தள்ளுபடி.

பற்றுப் பக்கத்துக்கு வருவோம். உண்டியலுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். கோடு வந்துவிட்ட காலம் இது. சௌகரியம்தான். ஆனால் பெட்டிக்கடையில் வைத்திருக்கிறார்களே, "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே அறிவிக்கிற ஒலிப்பெட்டி, அதை மட்டும் தயவுசெய்து வைத்துவிடக் கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று சொன்ன மதம். இரண்டு செப்புக்காசு போட்ட ஏழை விதவையின் தொகையை அந்தப் பெட்டி எந்தக் குரலில் அறிவிக்கும்?

இன்னொன்று, எத்தனை கோபுரம் நட்டாலும் கம்பி வழியாக வராத சரக்கு சில உண்டு. திருச்சபையே இதில் தெளிவாக இருக்கிறது. இன்டர்நெட்டில் தேவதிரவிய அனுமானங்கள் கிடையாது என்று 2002-லேயே வத்திக்கான் எழுதி வைத்துவிட்டது. 2011-ல் பாவசங்கீர்த்தனத்துக்கு உதவ என்று ஒரு செல்போன் செயலி வந்தபோது, குருவிடம் நேரில் போவதற்கு அது மாற்று ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பம் கையில் விழ வேண்டும். எண்ணெய் நெற்றியில் பட வேண்டும். தண்ணீர் தலையில் ஊற்றப்பட வேண்டும். இதெல்லாம் தொட்டால்தான் நடக்கும்.

அம்மாவுக்கு இது பாடமாகத் தெரியாது. ஆனால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வீட்டுக்கு வரும்போது அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். முதல்நாள் ராத்திரியே மேசைமேல் வெள்ளைத் துணி, மெழுகுதிரி, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். டேப்லெட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுவாள். "இன்னிக்கு நேர்ல வர்றார்" என்பாள்.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூ பரப்பி, மெழுகுதிரி ஏற்றியாயிற்று. பாரீஸ் பக்கம் இருக்கிற அண்ணன் வீடியோ காலில் வந்தார். புதுச்சேரியில் இது புதுக் கதை அல்ல. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்லலாம் என்றார்கள். அன்றைக்குப் போட்ட ஒரு கையெழுத்தில் பல குடும்பங்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்தன. அண்ணி அப்படியொரு சொல்தா குடும்பத்துப் பெண். அண்ணன் போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. அப்பாவின் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. டிக்கெட் கிடைப்பதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்: "பெரியவனுக்கு நல்லா காட்டு. அவசரப்படாத."

சுற்றிலும் பார்த்தேன். கல்லறைக்குக் கல்லறை யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "இது தாத்தா", "இந்தப் பக்கம் சித்தப்பா" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் குரல்கள். 2017-ல் பாப்பரசர் பிரான்சிஸ், "பூசையில் குருவானவர் இதயத்தை உயர்த்தச் சொல்கிறாரே தவிர, செல்போனை அல்ல" என்ற பொருளில் கண்டித்தது ஞாபகம் வந்தது. நியாயமான கண்டிப்பு. ஆனாலும் அன்றைக்கு அந்த மைதானத்தில் தூக்கிப் பிடித்த போன்களில் எது போன், எது இதயம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். அப்பாவின் கல்லறைமேல் தெளித்தபோது இரண்டு மூன்று துளி என் போன்மேலும் விழுந்தது. திரையில் அண்ணன் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். அங்கே காலை நேரம். இன்னும் ஸ்வெட்டரைக்கூட மாட்டாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அவர்மேல் விழவில்லை. கண்ணாடிமேல்தான் விழுந்தது. இதை வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா? பச்சோலி சாமியாரின் முறையில் இதற்குத் தனிப் பக்கம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா ஓர் ஆசையைச் சொன்னாள். எங்கள் வீட்டில் முன்பெல்லாம் ஏழு மணிக்குக் குடும்பச் செபமாலை. பிறகு அந்த ஏழு மணியை டி.வி. சீரியல் எடுத்துக்கொண்டது; சீரியலைப் போன் எடுத்துக்கொண்டது. "எல்லாப் புள்ளைங்களும் சேந்து சொல்றத ஒரு தடவ கேக்கணும்டா." சரியென்று அடுத்த ஞாயிறே வீடியோ காலில் ஆரம்பித்தோம். நமக்கு ஏழு மணி, அங்கே மதியம் இரண்டரை.

முதல் மங்கள வார்த்தையிலேயே தடுமாறிவிட்டது. இங்கே முடித்து மூச்சு விடும்போது அங்கே பாதியில் இருக்கிறார்கள். பாரீஸுக்கு நேர்க்கோட்டில் சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்குப்படி ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் கேபிள் சுற்றிச் சுற்றிப் போகிறது. குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, அனுப்பி, அங்கே வரிசையில் சேர்த்து, பிறகுதான் ஒலிக்கவிடுகிறார்கள். அதற்கும் மேலே, எதிரொலி வராமல் இருக்க இந்த மென்பொருள்கள் ஒரு குரலை முன்னே விட்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்வதற்காகச் செய்தது. பத்துப் பேர் ஒரே குரலில் செபம் சொல்லுவார்கள் என்று அதைச் செய்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

என் மகன்தான் வழி சொன்னான். ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து வைத்துச் சொல்லட்டும். மற்ற எல்லோரும் மைக்கை மூடிக்கொண்டு அவரவர் இடத்தில் பதில் சொல்லட்டும். சரியாகவே நடந்தது. அம்மா முன்னால் சொல்ல, திரையில் அண்ணன், அண்ணி, பிரெஞ்சில் சொல்லுகிற அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்கள். ஐந்து பத்துமணியும் முடிந்தது.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து சொல்வதைக் கேட்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாள்?

"ஒனக்கு அவங்க குரல் ஒண்ணுமே கேக்கலையேம்மா" என்றேன்.

அம்மா செபமாலையை முத்தி செய்து டப்பாவில் வைத்து மூடினாள்.

"எனக்குக் கேக்கலன்னா என்னடா? அவங்க எங்கிட்டயா செபம் பண்ணாங்க?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி எங்கள் வீட்டில் நிலையாகிவிட்டது. போன வாரம் முன்னால் சொல்ல வேண்டிய முறை அண்ணனின் மகளுடையது. பிரெஞ்சில் சொன்னாள். அம்மா தமிழில் பதில் சொன்னாள், மைக்கை மூடிக்கொண்டு.