எழுதியவர் பெயர் என்ன?

ஒரு புதுப்பாடல் காதில் விழுந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "பாடியவர் யார்?" அடுத்து, "இசை யார்?" பிறகு, "எந்தப் படம்?" எழுதியவர் யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. தமிழ் எங்கள் மூச்சு என்று மேடைதோறும் முழங்கும் நாம், ஒரு பாட்டில் தமிழாக இருக்கும் பகுதியைத் தந்தவரை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஜப்பானில் 2021 ஜூலை மாதம் ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. மாட்சுமோட்டோ தகாஷி என்ற பாடலாசிரியரின் ஐம்பதாண்டு எழுத்துப் பணிக்குச் செய்த மரியாதை அது. 'ஹாப்பி எண்ட்' என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்த அவர், குழு கலைந்தபின் பாட்டெழுதுவதையே தொழிலாகக் கொண்டார். 2,000க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். அவற்றில் சிலவற்றைப் பல பாடகர்கள் தத்தம் குரலில் புதிதாகப் பாடிக் கொடுத்தார்கள். தொகுப்பின் பெயர் 'கசெமாச்சிக்கு அழைத்துப் போ'. கசெமாச்சி என்றால் காற்று நகரம். 1964 ஒலிம்பிக் போட்டிக்காகத் தோக்கியோ உருமாறுவதற்கு முன், தாம் சிறுவனாகத் திரிந்த பகுதிகளுக்கு அவர் வைத்த பெயர் அது. அந்தத் தெருக்கள் மாறிவிட்டன. அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

நம்மிடம் இத்தகைய மரியாதை இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். கண்ணதாசன் மறைந்தது 1981இல். இன்றும் கோலாலம்பூரில் அவருக்கு விழா எடுக்கிறோம். ஆனால் கண்ணதாசன் ஒரு விதிவிலக்கு. மற்றவர்களின் நிலை என்ன? அதற்கு நம் மண்ணிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய நம் நாட்டுக் கலைஞர்கள் மூவரும் 2006இல் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் இடம்பெற்ற 'மடை திறந்து', பிரிக்பீல்ட்ஸ் கடை வாசல்களிலிருந்து தமிழ்நாடு வரை ஒலித்தது. மூலப்பாடல் 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடியது. அதை நம்மவர்கள் அச்சு அசலாகத் திருப்பிப் பாடவில்லை. பழைய பல்லவியை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தங்கள் சொல்லிசையை எழுதினார்கள். என்னைப் பொறுத்தவரை, ஒரு பழைய பாடலுக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுதான். அந்தப் பல்லவிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

சரி, அந்தப் பல்லவியை எழுதியவர் யார்? விடுதியில் நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். யோகி பி என்றார்கள் சிலர். வைரமுத்து என்று அடித்துச் சொன்னார்கள் சிலர். அதற்கும் காரணம் இருக்கிறது. வைரமுத்து திரையுலகில் அறிமுகமான படம் 'நிழல்கள்'. ஆனால் 'மடை திறந்து' பாடலை எழுதியவர் வாலி. அவர் 2013இல் மறைந்தார். அவர் வரியைத் தினமும் முணுமுணுக்கும் வாயில் அவர் பெயர் வரவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரில்தான் சோறு இருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் எழுதிய வரிகளின் உரிமை அவர் வாழும் காலம் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். பாட்டெழுதுவோர், இசையமைப்போர் சார்பில் உரிமத்தொகை வசூலிக்க எம்ஏசிபி என்ற அமைப்பு இங்கே 1989இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 2012இல் சட்டத்தைத் திருத்தி, திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது பாடலாசிரியருக்கு உரிய பங்கை அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்தார்கள். ஆனால் எழுதியவர் யாரென்றே பதிவில்லாத பாட்டுக்கு எந்தச் சட்டம் வந்து என்ன பயன்? பணத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா ஒரு காலத்தில் உள்ளூர் ஒலிநாடாக்களுக்குப் பாட்டெழுதியவர். பகலில் லோரி ஓட்டுவார், இரவில் எழுதுவார். தாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு பாட்டு அக்கம்பக்கத்தில் பலருக்கும் தெரியும். அந்த ஒலிநாடாவின் அட்டையில் பாடகர் பெயர் இருக்கிறது; இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது; படம் எடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. பெரியப்பா பெயர் இல்லை. கையில் கிடைத்தது ஒரே ஒரு முறை கொடுத்த சிறு தொகை.

"ஏன் பெரியப்பா கேக்கல?" என்றேன்.

"யாருகிட்டய்யா கேக்குறது? பாட்டு நல்லாருக்குன்னு நாலு பேரு சொன்னாங்க, அது போதும்" என்றார். அவர் சொன்ன விதத்தில் அது போதவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அவர் பாடிய அந்தத் தோட்டம் இன்று இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் நிற்கின்றன. பழைய ஆலமரம், தவறணை, பால் நிறுக்கும் கொட்டகை எல்லாம் இப்போது அந்தப் பாட்டில் மட்டுமே இருக்கின்றன. மாட்சுமோட்டோவின் காற்று நகரத்தைப் போல நமக்கும் நகரங்களும் தோட்டங்களும் உண்டு. அவற்றைப் பாட்டில் காப்பாற்றி வைத்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பெரிய தொகுப்பு வெளியிடப் பணம் வேண்டும். அதற்கு முன்னால் பணம் தேவைப்படாத வேலைகள் சில இருக்கின்றன. நம் கலை இரவுகளில் ஒரு பாடலை அறிவிக்கும்போது எழுதியவர் பெயரை முதலில் சொல்வோம். நிகழ்ச்சி நூலில் அதை அச்சிடுவோம். நம் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ பாட்டெழுதியவர் இருந்தால், அவர் எழுதியவற்றை ஆண்டோடு குறித்து வைப்போம். அவர்களின் பத்துப் பாடல்களை நம் மாணவர்களே புதுக்குரலில் பாடிப் பதிவு செய்யலாம். கைப்பேசி போதும்.

பெரியப்பாவின் பாட்டுகளைப் பட்டியலிடத் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினேழு கிடைத்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எழுதியவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை முழுதாக எழுதி வருகிறேன்.