அக்காவுக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்

அன்புள்ள அக்கா,

உன்னை மடத்துச் சுப்பீரியர் ஆக்கியதில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால், "இளையவள் ஒருத்தி கிடைக்கும்வரை இந்தக் கிழவி உட்கார்ந்திருக்கட்டும் என்றுதான் போட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பரை நினைத்துப் பார்.

1958 அக்டோபரில் அவரைத் தேர்ந்தெடுத்தபோது 77 வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. அடுத்தவர் வரும்வரை அமைதியாக இருந்துவிட்டுப் போவார் என்றுதான் பலரும் எண்ணினார்கள். பெர்காமோ பக்கத்துக் கிராமத்தில் வாரத்துக்கு உழுத குடும்பத்துப் பிள்ளை. பல்கேரியா, துருக்கி, கிரேக்கம் என்று கத்தோலிக்கர் சொற்பமாக இருந்த நாடுகளிலேயே ஏறக்குறைய இருபது வருடம் வத்திக்கானின் பிரதிநிதியாக இருந்தவர். போர்க்காலத்தில் யூதர்கள் பலர் உயிர்தப்ப இஸ்தான்புல்லிலிருந்து வழிசெய்தவரும் அவர்தான்.

பொறுப்பேற்று இரண்டு மாதம் ஆவதற்குள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ரோமில் இருக்கிற ரெஜினா சேலி சிறைக்குப் போனார். உங்களால் என்னிடம் வர முடியாது, அதனால் நான் வந்தேன் என்று கைதிகளிடம் சொன்னார். தன் சொந்தக்காரர் ஒருவர் அனுமதியில்லாமல் வேட்டையாடிப் பிடிபட்ட கதையையும் மறைக்கவில்லை. பாப்பரசர் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு என்று கேட்டபோது அந்தக் கைதிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் செய்தவற்றில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

அடுத்த மாதமே, 1959 ஜனவரி 25 அன்று, திருச்சபையின் பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்துவிட்டார். 1962 செப்டம்பரில் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்டோபர் 11 அன்று சங்கத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஜூனில் இறந்தார். சங்கம் முடிந்ததோ 1965-இல்.

நம் சின்ன வயசில் சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் பூசை வைப்பார், அம்மா பெஞ்சில் இருந்து செபமாலை உருட்டுவாள். பிறகு அந்தச் சங்கத்தின் பயனாக அதே கோயிலில் தமிழில் பூசை வந்தபோது எவ்வளவு சத்தமாகப் பதில் சொன்னாள், ஞாபகமிருக்கிறதா? அதற்கு வழி திறந்தவர் அப்போது உயிரோடு இல்லை.

பக்கத்துக் குடியிருப்புப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இந்த ஜூனிலேயே தொடங்கிவிடு அக்கா. முதல் மிஷின் என் செலவு. எந்த மாடல் வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் அன்புத் தம்பி