வெடிக்காத தோட்டா

துப்பாக்கி எனக்குப் புதியதன்று. சிங்கப்பூரில் தேசிய சேவை புரிந்த காலத்தில் எம்-16 துப்பாக்கியோடு உண்டு உறங்கியவன் நான். குறி தவறாமல் சுடுபவன் என்பதற்கான சின்னத்தையும் சட்டையில் அணிந்திருந்தேன். அந்தச் செருக்கோடுதான், நியூசிலாந்தின் கேன்டர்பரிச் சமவெளியில் குடியேறிவிட்ட பழைய படைத்தோழர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றேன்.

அவர் மான் வேட்டையில் ஈடுபாடு கொண்டவர். கடைத் தோட்டாக்களை வாங்காமல் தாமே தோட்டா கட்டுவார். முதல் நாள் இரவு அவருடைய மேசையருகே அமர்ந்து பார்த்தேன். சுட்டு ஓய்ந்த பித்தளை உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்தார், தீர்ந்துபோன பிரைமர் கழன்று விழுந்தது, புதியதைப் பதித்தார். பின்னர் வெடிமருந்தைத் தராசிலிட்டு, ஒரு பவுண்டில் 7,000இல் ஒரு பங்கான ‘கிரேன்’ கணக்கில் நிறுத்தார். நம் பொற்கொல்லர் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த காட்சியே என் நினைவுக்கு வந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தேன், கையமர்த்தினார். மருந்து அளவு மீறினால் துப்பாக்கியே பிளந்து முகத்தில் தெறிக்கும். மறுநாள் அந்த முகம் என்னுடையதாகவும் இருக்கலாம் என்று தோன்றியதும் நானும் அடங்கிவிட்டேன்.

துப்பாக்கி, 1963ஆம் ஆண்டில் அறிமுகமான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்குரியது. நாங்கள் அந்நாளில் சுட்ட எம்-16இன் குண்டு 55 கிரேன். இவர் கட்டியதோ 180. வேகமும் வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். எம்-16 தன் சுருள்வில்லினால் அதிர்ச்சியின் கூர்மையைச் சற்றே தணித்துக்கொள்ளும். கையால் இழுத்துப் பூட்டும் இத்துப்பாக்கியில் அப்படி இடையில் வாங்கிக்கொள்பவர் எவருமில்லை, அவ்வளவும் தோளுக்கே.

“தொலைநோக்கியில் முகத்தை ஒட்டாதே, புருவத்தைக் கிழித்துவிடும்” என்று எச்சரித்து, உரிமம் பெற்றவராகிய அவர் அருகிலேயே நின்றார். இலக்கு 200 மீட்டரில் இருந்தது. முதல் தோட்டா நடுவட்டத்தைத் தொட்டது. அதே கணம் எருமை முட்டியதுபோல் தோள் பின்னே சென்றது. காதடைப்பான் அணிந்தும் ஓசை நெஞ்சுக்குள் கேட்டது. இரண்டாவது சற்றுக் கீழே போயிற்று. ஐந்தாவது காகிதத்திலேயே படவில்லை.

வடமேற்குக் காற்றைக் குறை கூறினேன். அவர் பேசவில்லை. “ஒருவேளை தோட்டாவில் மருந்து ஏறக்குறைய இருக்குமோ, அண்ணே?” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அதிலும், முந்தின இரவு அவர் நிறுத்த நிறுவையைக் கண்ணால் கண்டவன் கேட்கத்தக்க கேள்வியா அது?

அவர் துப்பாக்கியை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி அடுத்த தோட்டாவை இட்டுத் தந்தார். குறிபார்த்து விசையை அழுத்தினேன். ‘டிக்’கென்ற ஓசை மட்டுமே எழுந்தது. ஆனால் குழலின் முனை ஒரு சாண் கீழே குத்தியிருந்தது. என் கண்கள் இறுக மூடியிருந்தன.

அது மருந்தும் பிரைமரும் இன்றி அவர் கட்டிவைத்திருந்த பொய்த்தோட்டா.

“இதில் மருந்தே இல்லை, தம்பி. இப்போது எது குழலைக் கீழே தள்ளியது?”

தோளில் அடி விழுந்ததை நாம் உணர்வதற்குள் குண்டு குழலைவிட்டு நீங்கிவிடுகிறது. ஆகையால் அடி குறியைக் கெடுப்பதில்லை. வரப்போகும் அடிக்கு அஞ்சி உடல் முந்திக்கொள்வதே கெடுக்கிறது. இளமையில் சின்னம் அணிந்த நெஞ்சுக்குள் இவ்வளவு அச்சம் குடியிருந்ததை ஒப்புக்கொள்ள நெடுநேரம் பிடித்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “எனக்கும் இப்படித்தான் ஒருவர் காட்டினார்” என்றதோடு அவர் விட்டுவிட்டார்.

வெறுந்துப்பாக்கியைப் பத்து முறை அழுத்தச் செய்தபின் மூன்றே தோட்டாக்கள் தந்தார். மூன்றும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

புறப்படுமுன் இருவரும் குனிந்து உறைகளைப் பொறுக்கினோம். அவருக்கு அவை மீண்டும் நிரப்பத்தக்க பொருள். எனக்கோ, தோட்டாவும் வெற்றுறையும் என்னிடமில்லை என்று உரக்க உறுதி கூறிய பின்னரே திடலைவிட்டு நீங்கிய பழக்கம். எட்டு உறைகளும் அகப்பட்டன. பொய்த்தோட்டாவை நினைவாக வைத்துக்கொள் என்று நீட்டினார். வெற்றுறையைக்கூட உரிமமின்றிக் கொண்டுவர இயலாத நாட்டுக்குத் திரும்புகிறவன், மறுத்துவிட்டேன். தோளில் கன்றியிருந்தது மறைய ஒரு வாரம் ஆயிற்று.