நிறம் பற்றிப் பேசும் வீடுகள்

● 1955. அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் விவசாயம் செய்துவந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா தம்பதி, கொரியப் போருக்குப்பின் ஆதரவற்றுப்போன எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் கொரியாவிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். அந்நாளில் பெற்றோருக்குக் கிடைத்த யோசனை: பழசை மறக்கடித்து, ஊரோடு ஊராக வளர்த்துவிடுங்கள். ஊர் முழுக்க வெள்ளையர்கள். கண்ணாடி என்ன காட்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

● “எங்களுக்கு நிறமெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.” நல்ல மனசுக்காரர்கள் சொல்வது. பிள்ளையின் கண்ணில் படுகிறதே! 1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் வெவ்வேறு நிறப் பொம்மைகளைக் காட்டி, எது நல்லது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ‘நல்ல பொம்மை’ என்று எடுத்தது வெள்ளைப் பொம்மையை. வீட்டில் பேசாத பேச்சைப் பள்ளிக்கூட பஸ் பேசிவிடும்.

● தலைமுடி. கறுப்பினப் பெண் குழந்தை, தத்தெடுத்த வெள்ளைக்கார அம்மா. அந்தச் சுருள்முடியை உலர்ந்த நிலையில் சீவினால் ஒடியும். நனைத்து, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இரவில் சாட்டின் தொப்பி. கற்றுக்கொள்ள அம்மா கறுப்பினத்தவர் நடத்தும் சலூனுக்குப் போகிறாள். அங்கே மகளைப் போல எல்லாரும். அம்மா மட்டும் வேறு. மகள் தினமும் பள்ளியில் இருக்கும் நிலையில் அம்மா ஒரு மணி நேரம் இருந்து பார்க்கிறாள்.

● கடை வரிசையில்: “உங்க குழந்தையா? எவ்வளவு செலவாச்சு?” கேட்டவருக்காகப் பதில் சொல்லக் கூடாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதுக்காகச் சொல்ல வேண்டும். “ஆமாம், என் மகள்” போதும். பிறந்த கதை அவளுடைய சொத்து. வேண்டியவர்களிடம் அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

● “கொடுத்துவைத்த குழந்தை!” வாழ்த்துத்தான். பிள்ளைக்கோ ஆயுள் முழுக்க நன்றிக்கடன் தலையில் ஏறுகிறது.

● 1972இல் அமெரிக்காவின் கறுப்பினச் சமூகப் பணியாளர் தேசியச் சங்கம், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் தத்தெடுப்பதைக் கடுமையாக எதிர்த்தது. 1994இல் வந்த சட்டமும் 1996இல் செய்த திருத்தமும் இனத்தைக் காரணம் காட்டித் தத்தெடுப்பைத் தாமதிக்கக் கூடாது என்றன. ஆனாலும் ஒரு கேள்வி தீரவில்லை: போலீஸார் காரை நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று கறுப்பின மகனுக்கு யார் சொல்லித்தருவது? வெள்ளைக்கார அப்பாவுக்கு அந்த அனுபவம் கிடையாது. சொல்லித்தரக்கூடிய கறுப்பின நண்பர்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களாக முன்பிருந்தே இருக்க வேண்டும். மகனுக்குப் பதினாறு வயதான பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

● கேட்காத பிள்ளைக்குக் கேள்வியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அம்மா மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பேச்சை முதலில் எடுக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்.