மூலனூரில் பூக்கும் நஞ்சு

தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில், மூலனூர்ப் பக்கம் வந்ததும் செம்மண் காடுகளுக்கு நடுவே கம்பிப் பந்தல்கள் தென்படுகின்றன. கிட்டே போனால்தான் தெரிகிறது, பந்தல் முழுக்கச் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே பூ. இங்கே அதற்குக் கண்வலி என்று பெயர். ஏக்கர் கணக்கில், சொட்டுநீர் போட்டு வளர்க்கிறார்கள்.

நான் போனது ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. நான்கைந்து பெண்கள் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கைவேலையைப் பார்த்தபோதுதான் பூவை முதன்முறையாக உற்றுக் கவனித்தேன். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு நாளாக நாளாகச் சிவப்பு. ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே நிமிர்ந்து நிற்கின்றன. ஆறு மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் நீள்கின்றன. சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடித்துவிட்டதுபோல் செங்கோணத்தில் திரும்பி, அவற்றை விட்டு விலகிப் போய்விடுகிறது. தன் மகரந்தம் தன்மேல் எளிதில் படாதபடி அமைந்த பூ. பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் செய்ய வேண்டிய வேலை. அவற்றை மட்டும் நம்பினால் காய் பிடிப்பது குறைவு. அதனால் ஆள் விட்டுத் தொட வைக்கிறார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து அடுத்த பூவின் சூல்முடியில் ஒரு தடவு, அவ்வளவுதான். அந்த ஒரு தடவு, வெயில் ஏறுமுன் ஒவ்வொரு பூவுக்கும் நடந்தாக வேண்டும்.

“தொட்டுப் பார்க்கட்டுமாக்கா?” என்றேன்.

“தொடுங்க தம்பி. கையக் கழுவாம வாயில மட்டும் வெச்சிராதீங்க.”

தோட்டக்காரர் ஓரத்துக் கொடி ஒன்றின் அடியைக் கிளறிக் கிழங்கைக் காட்டினார். இரண்டு விரல் விரித்ததுபோல் கவைத்த கிழங்கு. கலப்பைக் கிழங்கு என்று சித்த மருந்துக் கடைகளில் இதைத்தான் தருவார்கள். ஆயுர்வேதம் இதை உபவிஷங்களில் சேர்க்கிறது. துண்டு போட்டு, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து நஞ்சைத் தணித்த பிறகே மருந்தாக எடுத்தார்கள். அதிலும் பெரும்பாலும் வெளிப்பூச்சுதான்: மூட்டுவலிக்கு, தேள்கடிக்கு. பேன் தொல்லைக்கு இலைச்சாறு. பிரசவம் இழுத்துக்கொண்டே போனால் மருத்துவச்சிகள் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும் பூசினார்கள். அந்தப் பூச்சுக்கு உண்மையிலேயே பலன் இருந்ததா என்று சொல்ல இன்றைக்குச் சான்று போதாது. ஆனால் உள்ளே கொடுக்காமல் வெளியே நிறுத்திக்கொண்ட எச்சரிக்கை மிகச் சரியானது.

ஏனென்றால் இந்தச் செடியில் இருப்பது கோல்சிசின். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்க நுண்குழல்கள் உருவாக வேண்டும். கோல்சிசின் அந்தக் குழல்களின் மூலப்புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிரிவு நின்றுபோகிறது. உடம்பில் வேகமாகப் பிரியும் செல்கள் எங்கே உண்டோ அங்கே முதல் அடி. குடல் சுவர் கெட்டு வாந்தியும் பேதியும், பிறகு எலும்பு மஜ்ஜை, பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முடி. இலங்கையில் இந்தக் கிழங்கை உண்டு பிழைத்த ஒருவருக்கு உடம்பு முழுக்க முடி உதிர்ந்ததை 1966-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்டது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்களும் அங்கே உண்டு.

அதே செயல், அளவு குறைந்தால் மருந்து. கௌட் வாதத்தில் மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்களை நோக்கி வெள்ளணுக்கள் திரண்டு ஓடுவதால்தான் வீக்கமும் வலியும். நுண்குழல்கள் முடங்கினால் அந்த ஓட்டம் தளர்கிறது. இதன் ஐரோப்பிய உறவுச்செடியான கோல்சிக்கத்தை, கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் டிராலஸ் அலெக்சாண்டர் என்ற பைசாந்திய மருத்துவர் மூட்டுவாதத்துக்குப் பரிந்துரைத்தார். 1820-ல் பெல்லெட்டியேவும் கவெந்துவும் அதிலிருந்து சாரத்தைப் பிரித்தார்கள். குயினினைப் பிரித்த அதே இருவர், அதே ஆண்டு! இன்று மாத்திரை ஒன்றில் அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அந்த அரை மில்லிகிராமுக்கு அனுமதி கொடுத்தது.

நாள் முழுக்க அண்ணாந்தும் குனிந்தும் வேலை செய்கிறவர்களுக்கு முதுகுவலி இல்லாமல் இருக்குமா? டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை ஒன்றை ஒரு அக்கா சேலை முந்தியிலிருந்து அவிழ்த்துக் காட்டினார். தயோகோல்சிகோசைடு. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் இந்த மருந்துக்கு மூலப்பொருள், அவர் தலைக்கு மேலே தொங்குகிற காய்களுக்குள் முற்றும் விதைதான். சொன்னேன். “இதுலயா எடுக்கறாங்க?” என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப எங்ககிட்ட வாங்கறதுக்கு இன்னும் நாலு காசு சேத்துக் குடுக்கலாமுல்ல” என்றார்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கே விலையில்தான் வந்து நிற்கிறது. விதைக்கிழங்கு வாங்குவதுதான் பெருஞ்செலவு; ஒருமுறை நட்டால் சில வருடம் நிற்கும். ஆடி, ஆவணியில் நட்டால் தை, மாசியில் விதை. அதை வியாபாரி வாங்குகிறார்; அவரிடமிருந்து சாறு இறக்கும் கம்பெனிக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. வாங்குகிறவர்கள் சிலபேர், விற்கிறவர்கள் ஊர் முழுக்க. “கிலோ ஆயிரத்துக்கும் வித்திருக்கோம், மூவாயிரத்துக்கும் வித்திருக்கோமுங்க. யாரு வெல வெக்கறாங்கன்னே தெரியாது,” என்றார் தோட்டக்காரர். தின்னவும் முடியாது, உள்ளூர்ச் சந்தையில் கொட்டி விற்கவும் முடியாது. மாடும் கடிக்காது.

ஒரே அனுகூலம், காய்ந்த விதையை இருப்பு வைக்கலாம். தோட்டக்காரர் வீட்டின் பின்னறையில் போன மாசியின் மூட்டைகள் அப்படியே அடுக்கியிருந்தன. நான் கிளம்பும்போது வியாபாரியிடமிருந்து போன் வந்தது. சொன்ன விலையைக் கேட்டுக்கொண்டு, “தை வரைக்கும் பாக்கறனுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.