இரண்டு அங்குலம் தூக்கிய ஜீப்பும் கையளவு ரப்பரும்

கொஞ்சம் நீளமான பதிவு. வட்டைக்கு ஜீப், பிக்அப் கொண்டு போகிறவர்கள் வாசித்தால் போதும், மற்றவர்கள் மன்னிக்கவும். மாரி தொடங்குவதற்கு முன் எழுதிவிட நினைத்தேன்.

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் கரடியனாறு வரைக்கும் எந்தக் காரும் போகும். பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கினால்தான் கதை வேறு. முதலில் கிறவல், பிறகு வாய்க்கால் கட்டு, பிறகு வரம்பு. உழவு மெசின் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மண் முதுகு மாதிரி உயர்ந்து நிற்கும். வழமையான உயரமுள்ள வாகனம் அந்த முதுகில் வயிறு தட்டி நின்றுவிடும். அதனால் இரண்டு அங்குலம் தூக்குவது எங்கள் பக்கம் ஸ்டைலுக்காக இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் எல்லோரும் பழையதைத் தட்டிக்கொட்டித்தான் ஓட்டினோம். இப்போதும் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதைத்தான் தட்டுகிறோம்.

என் மச்சானிடம் இருப்பது 4டிஆர்5 ஜீப். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தை வாங்கி ஜப்பானில் மிட்சுபிஷி செய்தது. நான்கு சில்லுக்கும் பட்டை ஸ்பிரிங். டவுனில் ஒரு கராஜில் பட்டையை வளைத்து, ஒரு பட்டை கூடப் போட்டு, இரண்டு அங்குலம் தூக்கினார்கள். நீளமான ஷொக்கும் போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாதம், ஆறு மூட்டை உரமும், பின்னால் வேலையாளின் மனைவியும் பிள்ளையும். ஒரு மதகு தாண்டி இறங்கிய இடத்தில் பின் ஷொக்கின் மேல் பிடி செசியிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. தொங்கிய ஷொக் அக்ஸலில் ஓடும் பிரேக் பைப்பை இழுத்து வெட்டியது. பிரேக்கை மிதித்தால் பெடல் அடியில் போய் நிற்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால். மச்சான் கியரைக் குறைத்து, வரம்பில் முட்டி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கராஜில் சொன்னது, "ஷொக் டூப்ளிகேட், ஒரிஜினல் போடுங்க" என்று. மச்சானும் காசைத் தேடிக்கொண்டிருந்தார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குக் கீழே படுத்தேன். ஷொக் நல்ல ஷொக்தான். ஒருவரும் தொடாமல் விட்டது செசியின் அடியில், அக்ஸலுக்கு நேர் மேலே இருக்கும் ஸ்டொப்பர் ரப்பரை.

அந்த ரப்பரின் வேலை என்ன? சில்லு மேலே ஏறும் கடைசிக் கட்டத்தில் அக்ஸல் அதில் முட்டி, மெதுவாக நசுங்கி நிற்க வேண்டும். அடியை ரப்பர் வாங்கிச் செசிக்குக் கொடுக்க வேண்டும். ரப்பர் முட்டுவதற்கு முன் ஷொக் முழுதாக மூடிவிட்டால், அவ்வளவு பாரமும் ஷொக்கின் கம்பியிலும் அதன் பிடியிலும்தான் விழும். ஷொக் ஆட்டத்தை அடக்கச் செய்த சாமான், முட்டுத் தாங்கச் செய்தது இல்லை.

கணக்கைச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம், ஆறாம் வகுப்புக் கணக்கு. தூக்குவதற்கு முன் ஷொக்கின் இரண்டு பிடிக்கும் இடையில் 16 அங்குலம். பழைய ஷொக் முழுதாக மூடினால் 11.5. ஆக மேலே ஏற 4.5 அங்குலம் இடம். அக்ஸலுக்கும் ரப்பருக்கும் இடைவெளி 2.75, ரப்பர் நசுங்குவது ஏறக்குறைய 1.25, மொத்தம் 4. அரை அங்குலம் மிச்சம். செய்தவன் கணக்காகத்தான் செய்திருக்கிறான்.

தூக்கிய பிறகு பிடிகளுக்கு இடையில் 18. புதிய ஷொக் நீளமானது, அதனால் மூடிய அளவும் நீளம், 13.5. மேலே ஏற இடம் அதே 4.5தான். ஆனால் ரப்பர் இடைவெளி இப்போது 4.75. ரப்பர் நசுங்குவதையும் சேர்த்தால் 6. அதாவது ரப்பரைத் தொடுவதற்கு முன்னமே ஷொக் மூடிவிடும். ஒவ்வொரு கிடங்கிலும் சம்மட்டி அடி. ஒரிஜினல் போட்டிருந்தாலும் இன்னும் மூன்று மாதம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான். பழைய ஷொக்கையே விட்டிருந்தால் மேலே சரி, ஆனால் சில்லு கீழே இறங்கும்போது நீளம் போதாமல் இழுபட்டிருக்கும்.

தீர்வு ரப்பரை இரண்டு அங்குலம் கீழே இறக்குவது. இடைவெளி 2.75க்கு வந்துவிடும், பழைய அரை அங்குலமும் திரும்பக் கிடைக்கும். உங்கள் வாகனத்துக்கு இந்த எண்களைப் போடாதீர்கள், அளந்து பாருங்கள். ஷொக் சரிந்து நின்றால் கணக்குக் கொஞ்சம் மாறும்.

சிலர் பட்டையை வளைக்காமல் அக்ஸலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்குகிறார்கள். அப்படியென்றால் கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ரப்பரையும் கட்டாயம் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை முன்பு போகாத அளவுக்கு மறுபக்கம் வளையும், ஒருநாள் முறியும்.

"அப்போ நாலு அங்குலம் இறக்கினால் இன்னும் பாதுகாப்புத்தானே மாஸ்டர்?" என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. உர மூட்டை ஒன்று 50 கிலோ. ஆறு மூட்டை ஏற்றியவுடன் மச்சானின் ஜீப் ஒன்றரை அங்குலம் அமர்ந்தது. அளவுக்கு மேல் இறக்கினால் பாரத்தோடு அக்ஸல் எப்போதும் ரப்பரிலேயே குந்தியிருக்கும். பிறகு ஸ்பிரிங் எதற்கு? மாட்டு வண்டியில் போவது மாதிரி இருக்கும், ரப்பர் பூட்டிய இடத்தில் செசி வெடிக்கவும் தொடங்கும். அதனால் வெறும் வாகனத்தில் ஒரு முறை, வழமையான பாரத்தோடு ஒரு முறை அளக்க வேண்டும். டயர் பெரிதாக்கியவர்கள் ஒரு சில்லை மட்டும் வரம்பில் ஏற்றி மட்காட்டில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் ரப்பரில் நின்று மறுபக்கம் தொங்கும்போது டயர் சரிந்து, நினைக்காத இடத்தில் போய் உரசும். அப்படியே பிரேக் ஹோஸ் இறுகுகிறதா என்றும் ஒரு பார்வை.

எந்த ரப்பர் என்றால், கட்டையும் கடினமுமானதை விட உயரமும் மெதுமையுமானது நல்லது. உள்ளே குழிவாக, மடிப்பு மடிப்பாக வரும் வகை முதலில் மெதுவாக நசுங்கிப் பிறகு இறுகும். பொலியூரித்தேன் ஒயில் பட்டாலும் ஊதாது, ஆனால் கடின வகையை வாங்கினால் முதுகுதான் பதில் சொல்லும். ரேஸ் வாகனங்களுக்கு வரும் ஹைட்ரோலிக் ஸ்டொப்பர் நமக்குத் தேவையே இல்லை.

கரடியனாற்றுப் பக்கம் வயல் செய்யும் ஒரு அண்ணன் லொறி டயரை வெட்டி அடுக்கிப் போட்டிருக்கிறார். "ஏழு வருசமா ஓடுது சேர்" என்றார். கீழே குனிந்து பார்த்தேன். போல்ட் தலையை டயருக்குள் ஆழமாகப் புதைத்திருந்தார், இரும்பும் இரும்பும் முட்ட வழியே இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரக்கட்டை வைத்து இறக்குவதுதான் கூடாது, மழையில் ஊறி வெடித்துவிடும்.

நாங்கள் செய்தது, கனமான பெட்டி இரும்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு பெட்டி, மேலே அகலமான தகடு, போல்ட் பூட்டு, அதன் கீழே புதிய ரப்பர். பிய்ந்த பிடியை வேறொரு பாஸ் தகடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஷொக் அதே ஷொக்.

சரி வந்ததா என்று பார்க்க ஒரு வழி. கம்பி வெளியே தெரியும் ஷொக் என்றால், கம்பியில் ஒரு கேபிள் டையை இறுக்கி அடியில் தள்ளிவிட்டு, பாரத்தோடு வட்டைக்கு ஒரு முறை போய் வாருங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டதோ அவ்வளவு ஷொக் மூடியிருக்கிறது. மச்சானின் ஜீப்பில் கம்பியின் மேல் முனைக்கு முக்கால் அங்குலம் கீழே நின்றது.

பழைய ஹைலக்ஸ், எல்200 வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கம் டோர்ஷன் பார், அதை முறுக்கித் தூக்கும்போது மேல் கையின் கீழிறங்கு ரப்பர்தான் முதலில் முட்டும், அது தனிக் கணக்கு. மச்சானின் ஜீப்பில் முன்பக்கம் இன்னும் அளக்கவில்லை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் அளக்கிறோம். வருகிறவர்கள் வாகனத்தோடு டேப்பும் ஜக்கும் கொண்டு வாருங்கள், எங்களிடம் ஒரு ஜக்தான் இருக்கிறது.