கரைவலையும் முகாமைத்துவமும்

முகாமைத்துவம் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா என்று எம்மை வினவாத பெற்றோர் திருகோணமலையில் மிகச் சிலரே. உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி கற்பிக்கும் எமக்கு இவ்வினா பழகிப் போயிற்று. கிடைக்கும் என்போம், வங்கிகளைச் சுட்டிக் காட்டுவோம். ஆயினும் அண்மைக் காலமாக வேறொரு வினா எம் நெஞ்சை உறுத்துகின்றது. சந்தையைப் பகுத்தாராய்ந்து, வரவு செலவைத் திட்டமிட்டு, அறிக்கையும் எழுதித் தரும் இயந்திர அறிவு இன்று மாணவரின் கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. இனி முகாமைத்துவக் கல்வி எதனைக் கற்பிப்பது? அதன் ஆய்வாளர் எதனை ஆராய்வது?

விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படைக்கென எழுந்தவை அவை. 1957 இல் கடற்படைத்தளம் இலங்கையின் கைக்கு வந்தபின், அவற்றிற் பெரும்பாலானவை நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என வகுக்கப்பட்டன. இதன் இலாப நட்டத்தை ஊரவருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பார் யார்?

அது பெரிய இடத்து விடயம். சிறிய இடத்துக்கு வருவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கின்றது. வணிகக் கற்கைகளுக்கு அங்கே பீடமும் உண்டு. அதே கடலோரத்தில் கரைவலை இழுக்கிறார்கள். வலையும் தோணியும் ஒருவருடையவை. இழுக்கும் கைகள் பலருடையவை. மீன் விற்ற பணத்திற் செலவைக் கழித்து மிச்சத்தைப் பங்கிடுவர். மீன் படாத நாளில் எல்லோருக்கும் வெறுங்கைதான்.

வலைக்கும் இயந்திரத்துக்குமென்று வியாபாரியிடம் முற்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவருக்கே, பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கே, கொடுக்க நேரிடுகின்றது. வட்டி என்ற சொல் எங்கும் எழுதப்படுவதில்லை. அது மீன் விலைக்குள்ளே ஒளிந்திருக்கும். அம்முற்பணத்துக்கு உண்மையில் நூற்றுக்கு எத்தனை வட்டி? ஐஸ் பெட்டி ஒன்றிருந்தால், மீனை மாலைவரை வைத்திருந்து விலை பேசலாமா? இவற்றைக் கணக்கிடுவது எம் பிள்ளைகளால் ஆகாத காரியமன்று. இயந்திரத்துக்குத்தான் ஆகாது; கரையில் இன்று பேசிய விலையை அதற்குச் சொல்லுவாரில்லை.

இது புதுமையான யோசனையுமன்று. 1961 இல் தொடங்கி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் துணையோடு வளர்ந்தது அகமதாபாத்திலுள்ள இந்திய முகாமைத்துவ நிறுவனம். அதன் முதல் முழுநேரப் பணிப்பாளரான ரவி மத்தாய் 1972 இல் தாமே பதவியிலிருந்து இறங்கினார். (நம் நாட்டில் அவ்வாறு இறங்குவோர் எத்தனை பேர் என்று கேளாதீர்கள்.) 1975 இல் ராஜஸ்தானத்து ஜவாஜாவை நாடிச் சென்று, தோல் தொழிலாளரோடும் நெசவாளரோடும் வேலை தொடங்கினார். பெரிய ஆலைகளுக்கு உதவிய முகாமைத்துவ அறிவு இந்த ஏழைகளுக்கும் உதவுமா என்பதே அவர் கேள்வி. வெளியார் என்றைக்கும் தாங்கிப் பிடித்திருத்தல் ஆகாது. விலை பேசவும், வாங்குவோரைத் தேடவும், கணக்கு வைக்கவும் தொழிலாளர் தாமே பழகவேண்டும் என்று அவர் கருதினார். அது விரைவில் முடிந்த வேலையன்று. ஆயினும் அக்கைவினைஞர் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். கற்பிக்கச் சென்றவர்களும் அங்கே கற்றார்கள்.

எம் கடற்கரைக்கும் வினாக்கொத்தோடு வருவோர் உண்டு. “எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள், மாஸ்டர், பிறகு என்ன நடந்தது?” என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். ஆய்வேடு ஆங்கிலத்தில் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கண்ட முடிவை ஒரு தாளிலே தமிழில் எழுதி, அதே கரையில் வாசித்துக் காட்டிய பிறகே பட்டம் கொடுக்கவேண்டும் என்பது எம் கட்சி. ஐஸ் பெட்டிக் கணக்கில் தொடங்கலாம். மாரி பிறந்தாற் கரைவலை ஓய்ந்துவிடும். போகிறவர்கள் அதற்கு முன்னே போகட்டும்.